உட்காரச் சொல்லுங்கள்

1

சிரம்பானில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்புறம் சாலைக் கூலிகளின் லயம் ஒன்று உள்ளது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, ஒரே நீளத்தில் அறை அறையாகத் தடுத்துக் கட்டிய குடியிருப்பை இந்த மலாய் நாட்டில் லயம் என்பார்கள். சென்ற ஞாயிறு மாலை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமிருந்து என் மகள் கமலாவின் குரல் அதிகாரத் தொனியில் கேட்டது. சன்னலைத் திறந்து பார்த்தேன்.

என் தொப்பியை அவள் தலையில் கவிழ்த்திருந்தாள். அது பாதிக் கண்ணை மறைத்தது. கையில் ஒரு குச்சி. எதிரே லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் முன்னும் நின்று ஏற இறங்கப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனாள்.

"நீ முழுப்பேர். நீ முழுப்பேர். நீ ஓல்ட்! அரைப்பேர்!"

"இல்லீங்க தொர, நான் நல்லா மரம் வெட்டுவேங்க" என்று அந்தச் சிறுமி நெஞ்சை நிமிர்த்திக் குதிகாலை உயர்த்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நின்ற பெண் வேண்டுமென்றே கூனி, இருமிக் காட்டினாள்.

"இது வேணாம். கப்பல்ல ஏத்து!" என்றாள் என் மகள்.

உள்ளே அழைத்து, இந்த விளையாட்டை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் இல்லப்பா. பெரட்டு விளையாட்டு. எல்லாரும் விளையாடுறதுதான். சும்மாலா."

"நீ ஏன் துரையாக இருக்கிறாய்?"

"நான் மட்டுந்தானே சப்பாத்து போட்டிருக்கேன்?" என்று தன் காலணிகளைக் காட்டினாள்.

அவளுக்கு எட்டு வயது; இந்த ஊரில் பிறந்தவள். பக்கத்து வீட்டாரோடு மலாய், பள்ளியில் ஆங்கிலம். மிச்சம் மீதி இருக்கிற தமிழ்தான் எங்களுக்கு. என் மனைவி கையை ஓங்கினாள்; நான் தடுத்தேன். பிள்ளைகள் தாங்கள் கண்டதைத்தான் ஆடினார்கள். அவர்கள் ஆடியது எனக்குத் தெரிந்த ஒரு மனிதரின் கதையாகவும் இருந்தது. அவரைப் போன்றவர்களின் பொருட்டு இந்த மாநிலத்தின் ஆலோசனை சபையில் ஒரு தீர்மானம் வந்து, போய், ஓராண்டாகிறது. அவர் இப்போது என்னருகில் இல்லை. தமிழ்நாட்டில், உங்களருகில் எங்கோ இருக்கிறார். ஆகையால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

பெரட்டு என்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். விடியற்காலையில் தோட்டத்து ஆள்கள் அனைவரும் ஒரு திடலில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதற்கு அந்தப் பெயர். அன்றைக்கு ஒருவருக்கு வேலை உண்டா இல்லையா, முழு ஆளாக எண்ணி முழுப்பேர் போடுவதா, தளர்ந்த ஆளாக எண்ணி அரைக் கூலிக்கு அரைப்பேர் போடுவதா என்பதெல்லாம், துரை அவரைக் கடந்து போகும் அந்தச் சிறு நேரத்துக்குள் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் இருமியவர், குனிந்தவர், தள்ளாடியவர் அரைப்பேர். தொடர்ந்து அரைப்பேர் வாங்கியவருக்கு ஒருநாள் பெயரே இல்லாமற் போகும். பெயர் போனால் லயத்து அறையும் போகும்.

எனவே முதியவர்களிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அடுப்புக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையில் தடவிக்கொள்வார்கள். நரை தெரியாதபடி காதை மூடித் தலைப்பாகையை இறுக்கிக் கட்டுவார்கள். வரிசையின் ஓரத்தில் நிற்காமல் வாட்டசாட்டமான இரண்டு ஆள்களுக்கு நடுவில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்புவார்கள். நல்ல கங்காணியாக இருந்தால், துரை வரும் திசையைக் காதோடு சொல்லி உதவுவார். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. முகம் கழுவுவதுபோல அதுவும் காலைக் கடன்களில் ஒன்று.

காளிமுத்து என்பவர் ரந்தாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் இருந்தார். நம்மவர்கள் அதைக் கோணப்பாலத் தோட்டம் என்பார்கள். ரப்பர் வருவதற்கு முன்பு, காப்பி பயிரிட்ட காலத்திலேயே இந்நாட்டுக்கு வந்தவர். காட்டை அழித்தவர், கன்று நட்டவர், அந்தக் கன்றுகள் மரமானபோது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்; மரம் வெட்டுவது என்று இங்கே அதைத்தான் சொல்வார்கள். தமக்கு என்ன வயதென்று அவருக்குத் தெரியாது. கண்ணில் புரை விழுந்து, பகலிலேயே ஆள் அடையாளம் தெரியாத நிலை. ஆனால் சப்பாத்துச் சத்தம் கேட்டால், இருந்த இடத்தில் எழுந்து நேராக நின்றுவிடுவார்.

அவர் மனைவி பொன்னாயி, பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பிறகு கால் வீங்கி, வாசற்படியோடு நின்றுவிட்டவர். இவர்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் குளிர்காய்ச்சலில் போய், ஆற்றோரம் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் யாரும் இல்லை. தொட்டியம் பக்கம் ஒரு சிற்றூர் என்பதற்குமேல் காளிமுத்துவுக்குத் தம் பிறந்த ஊரைப்பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் ஆள் குறைத்தன. வேலையில்லாதவர்களைக் கப்பற் செலவின்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை அரசாங்கம் செய்தது. இளைஞர் பலருக்கு அது நன்மையாகவும் இருந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் காளிமுத்துவையும் பொன்னாயியையும் திருப்பி அனுப்புவது என்றால், எங்கே திருப்புவது? அவர்கள் போகவேண்டிய வீடு என்று ஒன்று உலகத்தில் இருந்தால், அது அந்த லயத்தின் கடைசி அறைதான். அதில் இருவரும் சேர்ந்து இருந்து, சேர்ந்து முடியவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். இதற்குமேல் அவர்கள் எதையும் கேட்கவில்லை.

3

சபையில் நமக்கென்று பேசக்கூடிய உறுப்பினர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். வக்கீலையா என்றுதான் எல்லாரும் அழைப்போம். இவ்வூர்த் தமிழர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் நான் அவரிடம் ஒரு தீர்மானத்தின் நகலைக் கொண்டுபோனேன். நெடுங்காலம் உழைத்த தொழிலாளர், விரும்பினால் தம் லயத்திலேயே தங்கியிருக்கவும், அவர்களுக்கு அரிசி அளக்கவும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பது அதன் சாரம். உழைப்பினால் வந்த உரிமை என்று எழுதியிருந்தேன்.

வக்கீலையா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு படித்தார்.

"வடிவாய் எழுதியிருக்கிறீர், மாஸ்டர். ஆனால் இது வெல்லாது."

"ஏன்?"

"உரிமை எண்டு சொன்னவுடனே அவை காதைப் பொத்திப்போடுவினம். இண்டைக்குக் கிழவனுக்குக் குடுத்தால் நாளைக்குக் குமரனும் கேப்பான் எண்டுதான் யோசிப்பினம். இரக்கம் எண்டு கேட்டால் தருவினம். 'நடக்க மாட்டாதவர்கள், கண் தெரியாதவர்கள், கடற்பயணம் செய்தால் செத்துப்போவார்கள்' எண்டு எழுதும்."

"அப்படியானால், நடக்க முடிந்தவர்களின் கதி?"

"முதல்லை கதவைத் திறப்பம். பிறகு ஆர் ஆர் உள்ளே வாறது எண்டு பாப்பம்."

அவர் சொன்னதில் விவேகம் இருந்தது. சபையை அறிந்தவர் அவர், நான் அறியாதவன். மாற்றி எழுதினேன். அரசாங்கத் தரப்பும் முகம் சுளிக்கவில்லை. கூட்டத் தொடரில் வாக்குக்கு விடுவதற்கு முன், ஓர் அதிகாரியும் ஒரு வெள்ளைக்கார மருத்துவரும் சபையின் மலாய் உறுப்பினராகிய, டத்தோ என்ற பட்டம் பெற்ற தலைவர் ஒருவரும் ஒரு தோட்டத்துக்கு நேரில் சென்று முதியவர்களின் நிலையைப் பார்த்து வருவதென்று முடிவாயிற்று. பார்ப்பதற்குக் கோணப்பாலத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் இதையே வெற்றியின் பாதி என்று எண்ணினோம்.

4

அவர்கள் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனேன். கோயிலடியில் முதியவர்கள் கூடினார்கள். துரைமார் வந்து என்ன கேட்டாலும் உள்ளபடி சொல்லவேண்டும், முடியாததை முடியாது என்றே சொல்லவேண்டும், அப்படிச் சொன்னால்தான் இங்கேயே இருக்க விடுவார்கள் என்று விளக்கினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். கங்காணி ராமசாமி, தடித்த மீசையும் தாராள மனமும் கொண்டவர், என் சொற்களைத் தம் பாணியில் திருப்பிச் சொன்னார்.

"கேட்டீங்களா? பெரிய பெரிய தொரைங்க வர்றாங்க. வாத்தியாரையா நமக்காகச் சொல்லி வச்சிருக்காரு. அவரு பேரையும் தோட்டத்துப் பேரையும் கெடுத்துப்புடாதீங்க. யோவ் காளிமுத்து மாமா, அந்தக் கோவணத்தோட வந்து நின்னீரு, தொரை மறு கப்பல்ல அவரு ஊருக்கு ஓடிப்போயிருவாரு!"

"ஒன் மீசையைப் பாத்து ஓடாதவரா என் கோவணத்தைப் பாத்து ஓடப்போறாரு?" என்றார் காளிமுத்து.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "சாமி, கண்ணு தெரியலேன்னு நானே தொரைகிட்ட சொல்லணுமா?"

"ஆமாம், பெரியவரே. சொன்னால் நன்மை."

"சொன்னா நன்மை" என்று தமக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் நாகப்பட்டினத்துத் துறை எனக்கு நினைவுக்கு வந்தது. பட்டம் பெற்று, இந்நாட்டில் ஆசிரியர் வேலை கிடைத்து, நான் கப்பலேறிய நாள். இரண்டாம் வகுப்புப் பயணிகளாகிய நாங்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். சற்றுத் தள்ளிக் கூலிக்குச் செல்பவர்களை மருத்துவர் வரிசையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெருங்க நெருங்க, பட்டினியால் ஒட்டிய வயிறுகள் உள்ளிழுக்கப்பட்டன, தோள்கள் விரிந்தன. திருச்சிராப்பள்ளிக் கல்லூரியின் சொற்போர் மன்றத்தில் கூலிகளின் நிலைமைபற்றி நான் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். ஆனால் அன்று கண்ட அந்த நிமிர்வு எத்தனை காலம் ஓர் உடம்பில் தங்கியிருக்கும் என்பதை எந்தச் சொற்போரிலும் நாங்கள் பேசியதில்லை.

5

அவர்கள் வந்த காலையில் நான் வக்கீலையாவோடு மோட்டாரில் போனேன். குறுக்கே பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னை அனுமதித்திருந்தார்கள்.

திடலில் முதியவர்கள் வரிசையாக நின்றார்கள். நான் சென்ற வாரம் பார்த்தவர்கள் இவர்கள்தாமா என்று ஒரு கணம் திகைத்தேன். வெளியே தெரிந்த முடியெல்லாம் கருப்பு. வெளுத்த வேட்டி, இறுகிய தலைப்பாகை, உயர்ந்த மோவாய். காற்றில் தேங்காயெண்ணெய் வாசனை. கங்காணி பெருமையோடு என்னைப் பார்த்தார். துரைமார் வருகிறார்கள் என்றதும் அவர்கள் அறிந்த மரியாதை அது ஒன்றுதான். அதைக் குறைவின்றிச் செய்திருந்தார்கள்.

வக்கீலையா என் முழங்கையைப் பிடித்தார். "என்ன காணும் இது?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்குள் அதிகாரியின் சப்பாத்துகள் சரளையை நெரிக்கும் ஓசை வரிசையை எட்டிவிட்டது.

ஒவ்வொருவரிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. அரசாங்கத்து மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவர்கள் உரக்கப் பதில் சொன்னார்கள். வேலை செய்கிறாயா? செய்யிறேனுங்க. நோய் உண்டா? இல்லீங்க. டத்தோ தாமும் முதியவர், கைத்தடியோடு வந்திருந்தார். காளிமுத்துவின் முன் நின்று மலாயில் கேட்டார்: "சூடா துவா?" வயதாகிவிட்டதா என்று அதற்குப் பொருள்.

"பெலும், டத்தோ. குவாட் லாகி" என்றார் காளிமுத்து. இன்னும் இல்லை, பலமாகத்தான் இருக்கிறேன்.

மருத்துவர், மரம் வெட்டிக் காட்டச் சொன்னார். கங்காணி அவரைத் தோளோடு தோளாக நடத்திக்கொண்டுபோய், அவர் வழக்கமாக வெட்டும் மரத்தருகே விட்டார். காளிமுத்து பட்டையை விரலால் தடவினார். கத்தி வைத்தார். சீவல் ஒரே சீராகச் சுருண்டு விழுந்தது. பால் கோடாக இறங்கியது. அதிகாரி "வெரி குட்" என்றார். காளிமுத்துவின் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் பார்த்தேன். அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், எல்லாம் கைநழுவிவிட்டது என்பது எனக்குத் திட்டமாகத் தெரிந்தது.

லயத்தின் கடைசி அறையில் பொன்னாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழ முயலவில்லை. டத்தோ குனிந்து விசாரித்தார்.

"காக்கி சாக்கிட், டத்தோ. துவா சூடா" என்றார் பொன்னாயி. கால் நோகிறது, கிழடாகிவிட்டேன். பிறகு அவருடைய கைத்தடியைப் பார்த்துச் சிரித்து, "டத்தோ பூன் துவா" என்றார். நீங்களுந்தான் கிழடு.

டத்தோ வாய்விட்டுச் சிரித்தார். மருத்துவர் பொன்னாயியின் கால்களை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி மறையவில்லை. உண்மை சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான்.

எல்லாரும் போனபின் காளிமுத்துவிடம் கேட்டேன். "நான் அவ்வளவு சொல்லியும் ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சொல்லத்தான் இருந்தேன் சாமி. தொரை வந்து நின்னதும் வாய் வரலே. முடியலேன்னு சொன்னவன் யாரும் தோட்டத்துல மிஞ்சலீங்களே. நான் பாத்ததில்லையே."

6

சபை கூடிய நாளில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். உயர்ந்த கூரை, மெருகேற்றிய மேசைகள், வரிசையாக மலாய்த் தலைவர்கள், தலைமையில் ரெசிடெண்டு துரை. வக்கீலையா நன்றாகவே பேசினார். இத்தகைய முதியவர்களைக் கடலில் அனுப்புவது அவர்களைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்றார். அவருக்குப் பின் அந்த அதிகாரி எழுந்தார். அவர் கொடியவர் அல்லர், கண்டதைச் சொன்னார். தாம் பார்த்த தோட்டத்தில், வயதானவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ எல்லாரும் நல்ல உடல்நிலையில் இருப்பதாகவும், ஒருவர் தம் கண்முன் மிக நேர்த்தியாக மரம் வெட்டியதாகவும், அத்தகையோருக்கு இலவச அரிசி அளிப்பது அவர்களையே இழிவுபடுத்துவதாகும் என்றும் சொன்னார். உண்மையில் தளர்ந்தவர்கள் அரசாங்க மருத்துவமனையின் ஆதரவற்றோர் விடுதியில் ஏற்கப்படுவார்கள் என்றும் உறுதியளித்தார்.

டத்தோ மட்டும் மலாயில் சில சொற்கள் சொன்னார். "அவன் மரத்தைப் பார்க்கவில்லை, தடவினான். நான் கவனித்தேன்" என்பது அவற்றின் பொருள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தொழிலாளியின் கைத்திறனை மாண்புமிகு உறுப்பினர் பாராட்டுகிறார் என்று சொல்லி அமர்ந்தார். மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். நான் எழ முயன்றேன். வாயிற்காவலர் என் தோளில் கை வைத்தார். தீர்மானம் தேவையற்றது என்று கைவிடப்பட்டது. அடுத்ததாக ஒரு பாலத்தைப்பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. காளிமுத்து பொய் சொல்லிவிட்டார் என்று வக்கீலையா வருந்துகிறார். எனக்கோ, பிழை எங்கள் கோரிக்கையின் அடித்தளத்திலேயே இருந்ததாகத் தோன்றுகிறது. ஒரு மனிதன் தான் உதவாதவன் என்று மெய்ப்பித்தால்தான் அவன் உழைத்த மண்ணில் அவனுக்கு இடம் என்று கேட்டோம். தான் உதவுபவன் என்று மெய்ப்பித்தே உயிர்வாழ்ந்த ஒருவரிடம் அதைக் கேட்டோம். ஆனாலும் வக்கீலையா சொன்னபடி, உரிமை என்று கேட்டிருந்தால் அந்த மோட்டார்கூட ரந்தாவுக்கு வந்திராது. இரண்டில் எது சரி என்று இன்றும் என்னால் அறுதியிட முடியவில்லை.

7

விளைவு விரைந்து வந்தது. தோட்டத்தில் லயம் ஒன்றை மூடினார்கள். பொன்னாயி தளர்ந்தவர், கடற்பயணத்துக்குத் தகாதவர் என்று சிரம்பான் விடுதிக்கு அனுப்பப்படவேண்டியவரானார். காளிமுத்து உடல்நலமுள்ளவர், உபரி ஆள் என்று கப்பலுக்கு அனுப்பப்படவேண்டியவரானார். கணவன் மனைவியைப் பிரிக்கவேண்டும் என்று யாரும் எண்ணியதாக நான் நினைக்கவில்லை. இரண்டு வகையினர் இருந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு வகையில் விழுந்தார்கள்.

நான் அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது: காளிமுத்துவை அதே மருத்துவர் மறுபடி ஒருமுறை பார்ப்பார், கண் தெரியவில்லை என்றால் அவரும் விடுதியில் சேரலாம். அன்று காலை தோட்டத்து மருந்துக் கொட்டகையில், பெஞ்சில் காளிமுத்துவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கங்காணி மறுபுறம் நின்றார். தலையில் கரி தடவவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். வெள்ளைத் தலையோடு, கூனி, உண்மையான கிழவராக இருந்தார்.

"இன்னிக்கு மட்டும் கெழவனா இருங்க மாமா" என்றார் கங்காணி.

"இருக்கேன்டா. பொன்னாயி இல்லாம எந்தக் கப்பல்ல போயி நான் என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

வெளியே சிமெண்டுத் தரையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டது. அவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது, தோள் விரிந்தது, மோவாய் உயர்ந்தது. மருத்துவர் உள்ளே வந்தபோது அங்கே ஒரு முழுப்பேர் நின்றுகொண்டிருந்தார். அது அவர் செய்ததல்ல, அவருக்குள் நடந்தது. மருத்துவர் மூன்று விரல்களைக் காட்டினார். எத்தனை என்று கேட்டார். காளிமுத்து விழித்தார். அந்த விழிப்பைத் தாங்கமாட்டாமல், தம் வாழ்நாள் பழக்கமே முந்திக்கொள்ள, கங்காணி அவர் காதோடு "மூணு" என்றார்.

"மூணுங்க தொர!" என்று கொட்டகை அதிரச் சொன்னார் காளிமுத்து.

சொன்ன பிறகே இருவருக்கும் தெரிந்தது. கங்காணி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சொல்லிக் கொடுத்தார் என்று நான் ஆங்கிலத்தில் பதறினேன். மருத்துவர் அன்போடு என் தோளைத் தட்டினார். "உங்கள் கருணை புரிகிறது, மாஸ்டர். ஆனால் இவரைப் பாருங்கள். இவர் நம்மிருவரையும்விட நீண்டகாலம் இருப்பார்" என்றார்.

சிரம்பான் ரயில் நிலையத்தில் அவரை ஏற்றியபோது பொன்னாயியை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தோம். அவர்கள் அழவில்லை. "வேளைக்குத் தின்னு" என்றார் பொன்னாயி. "ஒன் காலுக்கு எண்ணெய் போட்டு நீவச் சொல்லு" என்றார் அவர், பொன்னாயி இருந்த இடத்துக்குச் சற்று விலகிய ஒரு திசையைப் பார்த்தபடி. கார்டு சப்பாத்தோடு நடந்து வந்தார். ரயில் நகர்ந்தபோது காளிமுத்து வண்டிக்குள் நேராக நின்றுகொண்டிருந்தார்.

8

இந்த வாரம் கமலாவை விடுதிக்கு அழைத்துச் சென்றேன். விளையாட்டுக்குத் தண்டனையாக அல்ல, பார்க்கட்டும் என்று.

பொன்னாயிக்கு இப்போது ஒரே வேலை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறார். மருத்துவர் சுற்றிவரும் நேரத்தில் நின்று காட்டினால், உடல்நலமுள்ளவர் என்று கப்பலேற்றிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. சென்ற முறை போனபோது என்னிடம் கரியும் தேங்காயெண்ணெயும் கேட்டிருந்தார்.

அவர் கடலைத் தாங்கமாட்டார். தாங்கினாலும் கரையில் அவரைத் தேடி வர யாரும் இல்லை. இதைத்தான் நாங்கள் சபையில் வாதாடினோம். இப்போது அதற்கு எதிராகத் துணைபோவதா என்று பல நாள் யோசித்தேன். என் மனைவி யோசிக்கவில்லை. கரியை நுணுக்கிச் சலித்து, எண்ணெயில் குழைத்து, ஒரு சிமிழில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

பொன்னாயி கண்ணாடியில்லாமலே தடவிக்கொண்டார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தார். கால்கள் நடுங்கின.

"எப்படி இருக்கேன், கண்ணு?" என்று கமலாவைக் கேட்டார்.

கமலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முழுப்பேர், பாட்டி" என்றாள்.

பொன்னாயி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் வந்தார், அவர் வேறு ஒருவர், இளையவர். பொன்னாயியின் நெற்றியில் வழிந்த கரியைத் தம் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரவைத்தார். பொன்னாயியைக் கணவரிடமே அனுப்பிவிடும்படி நான் வெளியே அவரிடம் வேண்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இத்தகையவர்களைக் கடலில் அனுப்புவது கொலைக்கு ஒப்பு என்று உங்கள் உறுப்பினர்தானே சபையில் சொன்னார்? நான் அவரோடு உடன்படுகிறேன்" என்றார். வீட்டுக்கு வரும்வரை கமலா தன் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

காளிமுத்துவைப்பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினார் என்பதோடு சரி. தொட்டியம் பக்கம் போனாரோ, வழியிலேயே ஏதேனும் சத்திரத்தில் தங்கினாரோ தெரியாது. நெடிய உருவம். இடது கணைக்காலில் காடு வெட்டியபோது பட்ட நீண்ட தழும்பு. பேச்சில் மலாய்ச் சொற்கள் கலக்கும். கண் தெரியாது, தெரிவதாகவே காட்டிக்கொள்வார். சத்திரத்து வாசலிலோ ரயிலடியிலோ, உங்கள் காலடியோசை கேட்டு ஒரு கிழவர் விறைப்பாக எழுந்து நிற்பாரானால், அவர் அவராக இருக்கலாம்.

அப்படி ஒருவரைக் கண்டால், கட்டை வண்டியில் மூட்டை ஏற்றவும் தோட்டத்துக்கு நீர் இறைக்கவும் ஏற்ற திடமான ஆள் என்று எண்ணி வேலைக்கு அழைத்துவிடாதீர்கள். வருவார். சப்பாத்து அணிந்திருந்தால் கழற்றிவிட்டு அருகே போங்கள். உட்காரச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் உட்காரமாட்டார், மறுபடியும் சொல்லுங்கள். கையைப் பிடித்து உட்காரவையுங்கள். பொன்னாயி அவருக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார்: "நான் நிக்கப் பழகிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

அதை, அவர் உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள்.